அக்கா வீட்டு ஐந்து கிலோ சிலிண்டர்: எட்டு மாதக் கணக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டம் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் என் அக்கா இருக்கிறார். அறுபத்தாறு வயது. வீட்டில் அவரும் மாமாவும் மட்டும்தான். 2017இல், ஏழைப் பெண்களுக்கு இலவச கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வாலா திட்டத்தில் அக்கா பெயருக்கு கேஸ் இணைப்பு வந்தது. அதோடு வந்த 14.2 கிலோ சிலிண்டர் எட்டு வருடம் அந்தச் சமையலறை மூலையில் நின்றது. பழைய சேலைத் துணி ஒன்றைப் போர்த்தி, அதன் தலையில் முறத்தைக் கவிழ்த்து வைத்திருப்பார். விருந்தாளி வந்தால் டீ போட, மழையில் விறகு நனைந்துவிட்டால் சோறு வடிக்க, மற்றபடி அதைத் தொடமாட்டார். ஒரு சிலிண்டர் ஏழெட்டு மாதம் ஓடும். அன்றாடச் சமையல் எல்லாம் பின்கட்டில் மண் அடுப்பில். மரவள்ளிக் குச்சி, சோளத்தட்டை, சீமைக்கருவேல விறகு, நடுவே விராட்டி.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். புகைக்குள் உட்கார்ந்து கண் கலங்கி இருமுகிற பெண்களை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். என் சொந்த அக்காவே அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனது கேட்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "கேஸ்தான் இருக்கே அக்கா, ஏன் இப்படிக் கஷ்டப்படறே?"

"இருக்கிற கேஸை எரிச்சுட்டா, அப்புறம் தொள்ளாயிரம் ரூபாய்க்கு நான் எங்கடி போறது?"

அந்தப் பதிலைப் பல நாள் யோசித்தேன். அவருக்குக் கேஸின் மேல் பயம் இல்லை, பழைய அடுப்பின் மேல் பிடிவாதமும் இல்லை. தீர்ந்தால் மறுபடி நிரப்ப ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் கையில் இருக்காது. அதனால் தீராமல் பார்த்துக்கொண்டார். கேஸ் அவர் வீட்டில் எரிபொருளாக இல்லை, அவசரத்துக்கு எடுத்து வைத்த சேமிப்பாக இருந்தது.

2025 மே மாதம் பெரிய சிலிண்டரை ஒப்படைத்துவிட்டு 5 கிலோ சிலிண்டருக்கு மாற்றினோம். உஜ்வாலா இணைப்பு வைத்திருப்பவர்கள் இப்படி மாற்றிக்கொள்ள 2018லேயே வழி செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் நான் கேட்ட பத்துப் பேரில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. எட்டு மாதமாக எந்தத் தேதியில் மாட்டினோம், எந்தத் தேதியில் தீர்ந்தது, என்ன செலவு என்று நோட்டில் குறித்து வந்தேன். வேலையில் இருந்தபோது பதிவேடு எழுதிய பழக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 5 கிலோ சிலிண்டரில் இரண்டு வகை இருக்கிறது. பெட்ரோல் பங்கிலும் சில கடைகளிலும் முகவரிச் சான்று இல்லாமல் வாங்கலாமே, 'சோட்டு' என்று ஒன்று, அது வேறு. அதற்கு மானியம் கிடையாது, விலையும் நன்றாகவே கூடுதல். வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் பையன்களுக்கு அது சரி. நான் சொல்வது வீட்டு இணைப்பில், கேஸ் புத்தகத்தில் பதிந்து தரும் 5 கிலோ. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் பெரிய சிலிண்டர் விலைதான் ஏறத்தாழ வரும். மானியமும் எடைக்குத் தக்கபடி உண்டு. இரண்டும் தெரியாமல் 'சின்ன சிலிண்டர் விலை ஜாஸ்தி' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

இனி காசு விவரம். சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1118 ரூபாய் 50 காசு வரை போனது. அந்த ஆகஸ்டில் 200 குறைத்தார்கள், 2024 மார்ச்சில் இன்னொரு 100. 2025 ஏப்ரலில் 50 ஏற்றி 868 ரூபாய் 50 காசில் நிறுத்தினார்கள். எங்கள் மாவட்டத்தில் அப்போது அதற்குக் கொஞ்சம் மேலே. உஜ்வாலாக்காரர்களுக்கு 2023 அக்டோபர் முதல் ஒரு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். ஆக, அந்த விலையில் பெரிய சிலிண்டரே 570, 580 ரூபாய்க்குக் கிடைத்ததாகக் காகிதத்தில் தெரியும்.

ஆனால் அக்கா கையிலிருந்து போவது முழு விலை. 300 ரூபாய் பிறகு வங்கிக் கணக்கில் ஏறும். வங்கி எட்டு கிலோமீட்டர் தள்ளி. மானியத்தை முன்கூட்டியே கழித்துக் கொடுத்த காலத்தில் வீட்டு சிலிண்டர்கள் ஓட்டலுக்கும் காருக்கும் போயின என்பதால், 2015 ஜனவரி முதல் நாடு முழுக்கக் கணக்கில் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. அன்றைக்கு வந்த கூலியில் அன்றைக்கு அரிசி வாங்கும் வீட்டுக்கு, அந்தப் பணம் வரும்வரை காத்திருக்கும் ஒரு வாரமே பெரிய வாரம்.

5 கிலோவுக்கு அக்கா கொடுத்தது ஒவ்வொரு முறையும் 320 ரூபாய் சொச்சம். திரும்பி வந்தது 105 ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். ஒரு நாள் ஏரி வேலைக்குப் போனால் ஒரு சிலிண்டர். அக்கா இதைத்தான் பிடித்துக்கொண்டார். 'தொள்ளாயிரம்' என்று சொல்லும்போது முகத்தில் இருந்த இறுக்கம் 'ஒரு நாள் கூலி' என்று சொல்லும்போது இல்லை. கிலோ விலை மாறவே இல்லை, கேட்கும் தொகையின் அளவுதான் மாறியது.

இதுவரை ஏழு சிலிண்டர். தீர்ந்தவை முறையே 26, 34, 31, 29, 33, 30 நாள் ஓடின. ஏழாவது இப்போது எரிகிறது. எட்டு மாதத்தில் 35 கிலோ. முன்பு இதே காலத்தில் ஒரு பெரிய சிலிண்டர், 14 கிலோ சொச்சம்தான் போகும். சோறு, குழம்பு, டீ எல்லாம் கேஸில்தான். குளிக்க வெந்நீரும் மாட்டுக்குக் கஞ்சியும் மட்டும் இன்னும் மண் அடுப்பில்.

இதை நாட்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். உஜ்வாலா குடும்பம் ஒன்று சராசரியாக ஒரு வருடத்துக்கு நிரப்பிய பெரிய சிலிண்டர் 2019-20இல் 3.01, 2024-25இல் நாலரையை ஒட்டி. நல்ல ஏற்றம், மறுக்கவில்லை. ஆனால் நாலரை சிலிண்டர் என்பது சுமார் 64 கிலோ. இரண்டே பேர் இருக்கும் எங்கள் அக்கா வீட்டுக்கே, சிலிண்டர் தடையில்லாமல் கிடைத்தால் வருடம் 60 கிலோ ஆகும், அதுவும் வெந்நீருக்கு விறகு வைத்துக்கொண்டு. நாலைந்து பேர் இருக்கும் குடும்பம் 64 கிலோவில் ஓடுகிறது என்றால், பாதிச் சமையல் இன்னும் புகையில்தான் நடக்கிறது என்று அர்த்தம். 2016 மே 1 அன்று பலியாவில் தொடங்கிய திட்டம் பத்து கோடி வீட்டுக்கு மேல் இணைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரிய காரியம். கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச கேஸ் அடுப்பு எங்கள் ஊரில் இன்னும் சில வீட்டில் எரிகிறது. அடுப்பையும் சிலிண்டரையும் கொடுப்பது ஒரு தடவைச் செலவு. நிரப்புவது மாதா மாதம் வரும் செலவு. அங்கேதான் ஏழை வீடு தடுக்கி நிற்கிறது.

விறகு சும்மா கிடைக்கிறது என்பார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலைக்கு மண் அடுப்பில் பன்னிரண்டு, பதினைந்து கிலோ விறகாவது எரிய வேண்டும். அவ்வளவு வெப்பம் பக்கவாட்டில் வீணாகிறது. ஐந்து கிலோ கேஸ் என்றால் எழுபது கிலோ விறகு என்று வைத்துக்கொள்ளலாம். விலைக்கு வாங்கினால் கேஸே மலிவு. பொறுக்கி வந்தால்தான் காசு மிச்சம். பொறுக்குவது யார்? முட்டி தேய்ந்த அக்கா. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். கருவேல முள் ஏறி உள்ளங்கை சீழ் வைத்து ஊசி போட்ட கதையெல்லாம் உண்டு. அந்த உழைப்புக்கு யாரும் கூலி தருவதில்லை என்பதால் விறகுக்கு விலை இல்லை என்று ஆகிவிடுமா?

சாமான் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பெரியது நிறைந்திருந்தால் முப்பது கிலோவை நெருங்கும், அக்காவால் அசைக்க முடியாது. சின்னது ஒரு குடம் தண்ணீர்க் கனம். தானே தூக்கி வைக்கிறார். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கைப்பிடியைத் தாங்கும் பட்டையில் ஓர் எழுத்தும் வருடமும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி, சி, டி அடுத்தடுத்த மூன்று மாதங்கள். அதுதான் அடுத்த சோதனைக் கெடு. கெடு தாண்டியதை வாங்காதீர்கள். இன்னொன்று, மூடியைக் கழற்றி வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது சிலிண்டரில் அந்த வாஷர் வெடிப்பு விட்டிருந்தது. ரெகுலேட்டரை மாட்டியதும் வாசனை வந்தது. அக்கா உடனே கழற்றி மூடியைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். புது வாஷர் வர மூன்று நாள் ஆனது.

களி கிண்டுவதுதான் கேஸ் அடுப்பில் நிஜமான சிக்கல். மண் அடுப்பில் பானை குழிக்குள் உட்கார்ந்திருக்கும், துடுப்பை எந்தப் பக்கம் தள்ளினாலும் அசையாது. கேஸ் அடுப்பு லேசானது. துடுப்பைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் பானை மட்டுமல்ல, அடுப்பே நகர்கிறது. முதல் மாதம் களி நாளில் எல்லாம் அக்கா பின்கட்டுக்குப் போய்விட்டார். இப்போது ஒரு வழி கண்டிருக்கிறார். மாவு வெந்ததும் பானையை இறக்கித் தரையில் பிரிமணை மேல் வைத்து, இரண்டு பக்கமும் சாக்கைக் கொடுத்து, கிண்டிக் கட்டி இல்லாமல் ஆக்கிவிட்டு மறுபடி சின்னத் தீயில் ஐந்து நிமிடம் வைக்கிறார். ருசியில் வித்தியாசம் இல்லை என்று மாமா சொன்னதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இந்த மாதிரி விஷயங்களை யாரும் எந்த முகாமிலும் சொல்லித் தருவதில்லை.

இனி என் மனக்குறை. ஏஜென்சி பதினொரு கிலோமீட்டர் தள்ளி. பெயர் வேண்டாம். பெரிய சிலிண்டர் வண்டி வாரம் ஒரு முறை ஊர்ப் பக்கம் வரும், ஆனால் அதில் சின்ன சிலிண்டர் ஏற்றமாட்டார்கள். ஒன்றிரண்டுக்காகத் தனியாக வர முடியாது என்றார்கள். பஸ்ஸில் சிலிண்டர் ஏற்றக்கூடாது. முதல் ஐந்து முறை பக்கத்து வீட்டுப் பையன் மொபெட்டில் போய் எடுத்து வந்தான். பெட்ரோலுக்கும் அவனுக்கும் சேர்த்து 80 ரூபாய். கிடங்குக்கு நாமே போய் எடுத்தால் கொண்டுவந்து தரும் கூலியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. பெரியதற்கு முப்பது ரூபாய் சொச்சம், சின்னதற்கு அதில் பாதி. கேட்டால் முகம் மாறுகிறது. ஐந்தில் ஒரு முறைதான் கழித்தார்கள்.

கூட்டிப் பாருங்கள். 320 ரூபாய் சிலிண்டர் வாசலுக்கு வரும்போது 400. அரசு கொடுத்த 105 ரூபாய் மானியத்தில் 80 ரூபாயைப் பதினொரு கிலோமீட்டர் சாலை தின்றுவிட்டது. டில்லியில் மானியத்தை எவ்வளவு ஏற்றலாம் என்று பேசுகிறவர்கள் இந்தச் சாலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

ஓடிபி இன்னொரு தலைவலி. இணைப்பில் பதிந்திருந்தது திருப்பூரில் இருக்கும் மகனின் எண். சிலிண்டர் தரும் நேரத்தில் ஓடிபி அவன் போனுக்குப் போகும், அவன் மெஷினில் உட்கார்ந்திருப்பான், போனை எடுக்க முடியாது. இரண்டு தடவை மொபெட் பையன் வெறும் கையோடு திரும்பினான். எண்ணை மாற்ற அக்கா நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. புதிதாக மாற்றுகிறவர்கள் முதல் வேலையாக எண்ணைச் சரி செய்துவிடுங்கள்.

இரண்டாவது சிலிண்டர் கேட்டோம், கிடைக்கவில்லை. ஒன்றே ஒன்று இருந்தால் தீர்ந்த அன்றைக்கே விறகு திரும்பி வந்துவிடும். முதல் நான்கு இடைவெளி 3, 6, 11, 5 நாள். பதினொரு நாள் இடைவெளிக்குப் பிறகு அக்காவை மறுபடி கேஸுக்குக் கொண்டுவருவது புதிதாகத் தொடங்குவது போல இருந்தது.

காசும் தூரமும் இல்லையென்றால் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே சான்று இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தார் விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்தில் நடத்திய ஆய்வு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளோடு சேர்ந்தது. கர்ப்பிணிகளுக்கு அடுப்பும் கேஸும் இலவசமாக, வீட்டுக்கே, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை கொடுத்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே விறகை விட்டுவிட்டார்கள். கர்ப்ப காலத்தில் அவர்கள் சுவாசித்த நுண்துகள் விறகு வீடுகளில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கானது. பிறந்த குழந்தையின் எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 'கிராமத்துப் பெண்கள் பழக்கத்தை மாற்றமாட்டார்கள்' என்ற பேச்சை நான் இனி எங்கே கேட்டாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இந்தோனேசியாவைப் பற்றிப் படித்தபோது பொறாமையாக இருந்தது. 2007இல் மண்ணெண்ணெயிலிருந்து கேஸுக்கு மாறியபோது அவர்கள் கொடுத்தது 3 கிலோ சிலிண்டர். பச்சை நிறம், அதனால் 'மெலன்' என்று கூப்பிடுகிறார்கள். சில வருடத்தில் ஐந்து கோடி வீட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. தெருமுனைப் பெட்டிக்கடையில் காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்கலாம். 2025 பிப்ரவரியில் சின்னக் கடைகள் விற்கக்கூடாது என்று தடுத்துப் பார்த்தார்கள். நீண்ட வரிசை, பெரிய கொதிப்பு, சில நாளிலேயே தடையை விலக்கினார்கள். அந்தக் கடை இல்லையென்றால் அந்தச் சிலிண்டரே இல்லை என்பது அந்த ஊர் மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊர் ரேஷன் கடையில் மானிய 5 கிலோவைக் காலிக்கு நிறைந்தது என்று மாற்றித் தந்தால் போதும். அக்கா நடந்தே போய்விடுவார்.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக் கொடுக்கலாமே என்று கேட்டார்கள். வீட்டுக்கு ஓரளவு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் அக்கா வீட்டில் மாலை நேரத்து வோல்டேஜ் பல்பையே சிவப்பாக்குகிறது, பாத்திரம் பாதிக்கு மேல் அலுமினியம், அது இண்டக்‌ஷனில் சூடாகாது. பகலில் வெந்நீருக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ஆக, யாருக்கு இதைச் சொல்வேன்? இரண்டு மூன்று பேர் இருக்கும் வீடு, கூலி வருமானம், பெரிய சிலிண்டரைத் தொடப் பயந்து விறகுக்குப் போகிறவர்கள் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு பேர் குடும்பம் என்றால் பத்துப் பதினைந்து நாளில் தீரும், அலைச்சல் தாங்காது. சிலிண்டருக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாட்டுக்கு ஒன்றரைக்கு மேல் மனது வரவில்லை.

ஒரு சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும் இடைவெளி கடைசி இரண்டு முறையும் ஒரே ஒரு நாள்தான். அதற்குக் காரணம் அக்காவின் மகளிர் குழு. ஐந்தாவது சிலிண்டர் எடுக்கப் போனபோது, "ஆறு சிலிண்டர் சேர்ந்தால் வண்டி அனுப்புகிறோம்" என்று ஏஜென்சியில் ஒரு வார்த்தை விட்டார்கள். அக்கா அதைக் குழுக் கூட்டத்தில் வைத்தார். ஐந்து வீடுகள் சின்ன சிலிண்டருக்கு மாறின. மகளிர் உரிமைத்தொகை 15ஆம் தேதி கணக்கில் ஏறும். 16ஆம் தேதி காலையில் ஆறு வீடும் ஒரே நேரத்தில் புக் செய்கிறார்கள். கையில் குறைகிறவருக்குக் குழு நிதியிலிருந்து 200 ரூபாய், வாரம் 50 ரூபாயாகத் திருப்பித் தரலாம். வண்டி கோயில் திடலில் வந்து நிற்கிறது, போன் வைத்திருக்கும் ஒரு பெண் ஆறு பேருக்கும் ஓடிபியைப் படித்துச் சொல்கிறார். எண்பது ரூபாய் இப்போது வீட்டுக்கு இருபது.

போன மாதம் நான் அங்கே இருந்தேன். வண்டி கிளம்பும் நேரத்தில் மேலத் தெருவிலிருந்து ஒரு பெண் தலையில் விறகுக் கட்டோடு வந்தார். நின்று பார்த்தார். கட்டை இறக்காமலே அக்காவிடம் கேட்டார். "ஏழாவதா என்னையும் சேர்த்துப்பீங்களா?"